"என்ன சாப்பிட்ட?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

ஊரிலிருந்து ஃபோன் வந்தால் மூன்றாவது கேள்வி அநேகமாக இதுதான். "பாப்பாவுக்கு சுகர் எவ்வளவு இருக்கு?" இருக்கிற நம்பரைச் சொல்வோம். 130 என்றால் "நல்லது, நல்லது". 290 என்றால் அந்தப் பக்கம் ஒரு விநாடி சத்தமே இருக்காது. அப்புறம் வரும். "என்ன சாப்பிட்டா?"

இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

நான் டாக்டர் இல்லை. பி.காம் முடித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது நாக்பூரில் கடன் ஃபைல்களோடு குப்பை கொட்டுகிறவன். பெரியவளுக்கு 8 வயதில் டைப் 1 நீரிழிவு என்று சொன்னார்கள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. தினம் நாலு ஊசி, ஆறேழு தடவை விரல் குத்தல், நடுவில் பையில் காசு இருக்கும்போது கையில் ஒட்டுகிற சென்ஸார். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான நம்பர்களைப் பார்த்தாகிவிட்டது. அந்தத் தகுதியில் எழுதுகிறேன். டோஸ் விஷயத்தை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில், நம் ஆட்களுக்கு ஒரு அடிப்படை. நம் வீடுகளில் தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருக்கிற சர்க்கரை பெரும்பாலும் டைப் 2. அங்கே இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. டைப் 1 வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் தயாரிக்கிற செல்களை அழித்துவிடும். இனிப்பு சாப்பிட்டதால் வருவதில்லை, அம்மா கர்ப்பத்தில் மாம்பழம் சாப்பிட்டதாலும் வருவதில்லை (இதைச் சொன்ன புண்ணியவதி எங்கள் உறவிலேயே உண்டு). 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்ஸன் என்ற பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, இது வந்தால் பிழைப்பது அபூர்வம். இன்றும் ஊசிதான் உயிர். பெரியப்பா வாக்கிங் போய், அரிசியைக் குறைத்து, சுகரைக் குறைத்த கதையை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

இனி அந்த 290.

சாப்பாடுதான் காரணம் என்று ஏன் எல்லோரும் நினைக்கிறார்கள்? கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான். ஜாங்கிரி தெரியும், ஹார்மோன் தெரியாது. எங்கள் வீட்டு அனுபவத்தில் அதிக நம்பர் வந்தால் சாப்பாடு பாதிக் கதைகூட இல்லை.

நாக்பூர்க்காரர்களுக்குப் புரிகிற உதாரணம் ஒன்று. ஆரஞ்சு சீசனில் ஒருநாள் சாயங்காலம் 340 காட்டியது. பிள்ளைக்கு தாகமில்லை, தலைவலி இல்லை, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தம்பிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு அதே கையில் குத்தியிருக்கிறாள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தால் 148. பழம் உரித்த விரலில் இருக்கிற துளி சாறு போதும், மீட்டர் ஏமாந்துவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் முழுக்கப் போவதில்லை, தண்ணீரில்தான் கழுவ வேண்டும். அந்த 340ஐ நம்பி யாராவது நாலு யூனிட் போட்டிருந்தால் ராத்திரி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மீட்டரைப் பற்றி இன்னொன்று. அது தராசு மாதிரி துல்லியம் என்று பலருக்கு நினைப்பு. 2013ஆம் வருஷத்து சர்வதேசத் தரம் என்ன சொல்கிறது என்றால், 100க்கு மேல் உள்ள அளவுகளில் 100 சோதனைகளில் 95, உண்மை மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதாவது ரத்தத்தில் உண்மையாக 200 இருந்தால் மீட்டர் 170 காட்டினாலும் பாஸ், 230 காட்டினாலும் பாஸ். எங்கள் கேஷ் கவுண்டரில் இந்த வித்தியாசம் வந்தால் சஸ்பெண்ட் :-) இதில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தது, சமையலறை ஈரத்தில் வைத்தது, தேதி முடிந்தது எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே 205க்கும் 225க்கும் நடுவே காரணம் தேடுகிறவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

அடுத்து இன்சுலின். விதர்பா வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மே மாதம் 45 டிகிரி சர்வ சாதாரணம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்ததை 25, 30 டிகிரிக்குள் வைத்துப் பெரும்பாலானவற்றை நாலு வாரம் வரை பயன்படுத்தலாம். ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு மதியம் கிடந்த பேனா, பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், உள்ளே வீரியம் போயிருக்கும். அதற்குப் பயந்து ஃப்ரீஸர் பக்கத்தில் ஒட்டி வைப்பவர்களும் உண்டு. உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான், உருகினால் சரியாகிவிடும் என்பது பொய். இரண்டு நாளாகச் சாப்பாடு, டோஸ் எல்லாம் அதே அளவு, நம்பர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் நாங்கள் முதலில் பேனாவை மாற்றுவோம். பிள்ளையிடம் விசாரணை வைப்பதில்லை. கரண்ட் போகிற நாளில் இங்கே வறண்ட வெயிலுக்கு மண்பானை நன்றாகவே உதவுகிறது. ஈர மணல், பானைக்குள் பானை. அவர் கடை கூலர் வேலை செய்கிற அதே சூத்திரம். சென்னைப் புழுக்கத்தில் இது இவ்வளவு எடுபடாது, ஈரக்காற்றில் நீர் ஆவியாவது குறைவு.

நம் நாட்டுக்கே உரிய ஒரு கண்டம் இருக்கிறது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை, 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஒரிசா பக்கம் ஒரு டவுனில் இருக்கிறார்கள். மருந்துக் கடையில் சிவப்பு தீர்ந்துவிட்டது என்று ஆரஞ்சு மூடியைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் ஸார்" என்று அனுப்பிவிட்டார்கள். 40 யூனிட் குப்பியிலிருந்து அந்த சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். பையனுக்கு மூன்று நாள் 300, 350, 400. அந்த மூன்று நாளும் வீட்டில் பாட்டியிலிருந்து ட்யூஷன் டீச்சர்வரை கேட்டது ஒரே கேள்வி. பையன் அழுதுகொண்டே "ஒண்ணும் திங்கல"ன்னு சொன்னதை யாரும் நம்பவில்லை. கடைசியில் ஒரு நர்ஸம்மா மூடியின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். (இதையே திருப்பிப் போட்டால், 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், இரண்டரை மடங்கு உள்ளே போகும். அது இன்னும் பயங்கரம்.)

அந்தப் பையனுக்கு யார் மன்னிப்பு கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

ஊசி போடும் இடமும் ஒரு காரணம். வலிக்காத இடம் என்று தொப்புளுக்கு இடப்பக்கமே குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு மெத்தென்று கட்டியாகும். அங்கே போட்ட இன்சுலின் எப்போது ரத்தத்தில் சேரும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. தங்கமணி வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து இடம் மாற்றச் சொல்வார். இது இலவசம், ஆனால் செக்கப்பில் சட்டையைத் தூக்கிப் பார்க்கிற டாக்டர்கள் எத்தனை பேர்?

சாப்பாட்டையும் முழுக்க விட்டுவிடவில்லை. ஆனால் அங்கேயும் குற்றவாளி நாம் நினைக்கிற ஆள் இல்லை. இனிப்பு சீக்கிரம் ஏறும், சீக்கிரம் தெரியும். பரோட்டா குருமா, பிரியாணி, பூரி மசால் மாதிரி எண்ணெய் கனத்த சாப்பாடு நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ராத்திரி படுக்கும்போது 140, விடிகாலை 280. பிள்ளை தூக்கத்தில் எழுந்துபோய் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள் என்றா நினைப்பீர்கள்? பரோட்டாவே சாப்பிடாத நாளிலும் விடிகாலையில் ஏறும். உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது கார்ட்டிஸால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் சுரந்து, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும். நமக்கும் அது நடக்கிறது, நம் கணையம் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடுகிறது.

பருவ வயது வந்ததும் இந்த ஹார்மோன் கூத்து இரண்டு மடங்கு. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்கள் பலருக்கும் இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். காய்ச்சல், பல் வலி, சளிக்கு எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு, தூக்கம் கெட்டது, கணக்குப் பரீட்சை. ஆமாம், பரீட்சை. போன வருஷம் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் பார்த்தால் 270, காலையில் சாப்பிட்டது வழக்கமான இரண்டு இட்லி. (சந்தடி சாக்கில் ஒரு தகவல், சி.பி.எஸ்.இ. 2017லேயே டைப் 1 பிள்ளைகள் பரீட்சை ஹாலுக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் எடுத்துப்போக அனுமதி கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தெரியாது என்றால் கேட்டு வாங்குங்கள்.)

ஆடம் பிரவுன் என்று ஒரு அமெரிக்கர், அவருக்கும் டைப் 1தான். ரத்த சர்க்கரையை ஏற்றி இறக்குகிற காரணங்களை உட்கார்ந்து எழுதினார், முதலில் 22 வந்தது, பிறகு 42 ஆகிவிட்டது. 42 காரணங்கள்! சமன்பாட்டில் 42 மாறிகள் இருக்க, நாம் கையில் வைத்திருப்பது ஒரே ஒரு கேள்வி.

சரி, இத்தனையும் பார்த்தாச்சு. கை கழுவியாச்சு, பேனா மாற்றியாச்சு, இடம் மாற்றியாச்சு, காய்ச்சலும் இல்லை. அப்பவும் 290. என்ன செய்வது?

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்கிறது. வங்கியில் ஒரு தொகை வந்து, எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாவிட்டால் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. அதில் தேதியோடு, தொகையோடு பதிந்து வைப்போம். யாரையும் திருடன் என்று சொல்வதில்லை. விவரம் கிடைத்ததும் சரியான தலைப்புக்கு மாற்றுவோம். சில பதிவுகளுக்கு விவரம் கிடைப்பதேயில்லை. எங்கள் வீட்டு நோட்டிலும் அப்படி ஒரு பத்தி வைத்திருக்கிறோம். அதே நேரத்தில் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் அது இனிமேல் சஸ்பென்ஸ் இல்லை, டாக்டரிடம் டோஸ் மாற்றப் பேச வேண்டிய விஷயம். ஒற்றையாக வந்துபோனால் பதிந்துவிட்டு, திருத்த ஊசியைப் போட்டுவிட்டு, நகர வேண்டியதுதான்.

நோயின் விதிமுறையே இதற்கு இடம் கொடுக்கிறது. 2019ல் சர்வதேச நிபுணர்கள் சேர்ந்து வைத்த இலக்கு, ஒரு நாளில் 70 சதவீத நேரம் 70க்கும் 180க்கும் நடுவில் இருந்தால் நல்ல கட்டுப்பாடு. 180க்கு மேல் போகிற நேரம் 25 சதவீதத்துக்குள் இருக்கலாம். 24 மணி நேரத்தில் 25 சதவீதம் என்றால் ஆறு மணி நேரம். உலகமே ஆறு மணி நேரம் தள்ளுபடி தருகிறது, நாம் ஒரு 210க்குப் பிள்ளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம்.

"கேட்டா என்ன தப்பு, அக்கறைலதான கேக்கறோம்" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிளைகளில் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். பணம் 500 ரூபாய் குறைந்தால் மேனேஜர் கத்துவார் என்று தெரிந்த கிளையில் காஷியர் தன் பாக்கெட்டிலிருந்து போட்டுச் சரிசெய்துவிடுவார், யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட கிளையில்தான் ஒருநாள் பெரிய ஓட்டை வெடிக்கும். குறைந்ததை அன்று சாயங்காலமே பயமில்லாமல் சொல்கிற கிளையில் அது நடக்காது. பிள்ளைகளும் அப்படித்தான். 290 வந்தால் திட்டு விழும் என்று தெரிந்ததும் நோட்டில் 160 என்று எழுத ஆரம்பிப்பார்கள். டாக்டர் அந்த 160ஐ நம்பி டோஸ் எழுதுவார். அடுத்த கட்டம், விரல் குத்தாமலே நம்பர் எழுதுவது. அதற்கடுத்த கட்டம், ஊசியையே விடுவது.

காரணம் தெரியாத நம்பர்களில் ஒரு பகுதி, காரணம் சொல்ல முடியாத நம்பர்கள். நம் கல்யாண மண்டபங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கோடை லீவில் ஜி.டி.யில் ஏறி ஊருக்குப் போகிறோம். போனதும் முதல் உத்தரவு, "நாலு பேர் முன்னாடி ஊசி போடாதே, பொண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்கணும்." மண்டபத்துப் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை, வெளியே வரிசை. பந்தி போட்டாச்சு, இலையில் ஸ்வீட் விழுந்தாச்சு, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறார். பிள்ளை ஊசியைத் தள்ளிப்போடுகிறாள். இரண்டு மணி நேரம் கழித்து 360. அப்போது அதே அத்தை கேட்பார், "என்ன சாப்பிட்ட?"

போன முறை என் பெண் பந்தியிலேயே சட்டை ஓரத்தை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். எதிர் வரிசையில் ஒரு மாமா ரசத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும். மூக்குக்கண்ணாடி போடுவதை யாரும் பாத்ரூமில் செய்வதில்லை. வரன் கேட்டு வருகிறவர்களுக்குத் தெரியத்தான் வேண்டும், மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டுப் புருஷன் வீட்டில் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொண்டிருக்க நான் பெண் வளர்க்கவில்லை. வாசிம் அக்ரமுக்கு 1997ல் இதே நோய் என்று தெரிந்தது, 2003 உலகக் கோப்பைவரை பந்து வீசினார். அவர் மறைக்கவில்லை.

பெற்றோர் செய்கிற இன்னொரு வேலை, 290 பார்த்ததும் கோபத்தில் ஊசி போடுவது. ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லை என்று இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வேகமாக வேலை செய்கிற இன்சுலினே முழுக்கத் தீர நாலு மணி நேரம் பக்கம் ஆகும். மூன்றும் சேர்ந்து வேலை செய்யும்போது ராத்திரி ஒரு மணிக்கு 45. தோராயக் கணக்கு ஒன்று உண்டு. நாள் முழுவதும் போடுகிற மொத்த யூனிட்டால் 1800ஐ வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை புள்ளி இறக்கும் என்று தெரியும். 45 யூனிட் போடுகிற பிள்ளைக்கு ஏறக்குறைய 40. இது ஆரம்பக் கணக்குதான், உங்கள் பிள்ளைக்கு உரிய எண்ணை டாக்டரிடம் கேட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

காரணம் தேடாமல் இருக்கலாம் என்றேன், கீட்டோன் பார்க்காமல் இருக்கலாம் என்று சொல்லவில்லை. 250க்கு மேல் போய் இறங்க மறுத்தால், அல்லது வாந்தி, வயிற்று வலி இருந்தால், சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்தே ஆக வேண்டும். இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரித்து ரத்தம் அமிலமாகிறது என்பதற்கு அறிகுறி அது. மூச்சில் அழுகிய பழ வாசனை, இழுத்து இழுத்து ஆழமாக மூச்சு விடுவது, அசந்துபோவது எல்லாம் வந்துவிட்டால் வீட்டில் கஷாயம் வைக்கிற நேரம் இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம். "பிள்ளை ஒண்ணும் சாப்பிடலையே, எதுக்கு ஊசி" என்று நிறுத்துவது பெரிய ஆபத்து. காய்ச்சல் நாளில் சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் வேண்டும், பல நேரம் கூடுதலாகவே வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், ஊரிலிருந்து கூரியரில் வருகிற பொடிகள். சிறுகுறிஞ்சான், பாகற்காய் சாறு, வாட்ஸப்பில் சுற்றுகிற "இன்சுலினிலிருந்து விடுதலை" வைத்தியர். டைப் 2 காரர் அவற்றைக் குடித்து என்ன ஆனார் என்பது அவர் பாடு. டைப் 1 பிள்ளைக்கு அந்த வைத்தியரின் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போகும். எங்கள் சித்தப்பா அன்போடு அனுப்பிய பொடி இரண்டு டப்பா ஷெல்ஃபில் இருக்கிறது. அனுப்பினவர் மனசு நோகக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் ஊரில் அம்மாவுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 290 என்றால் "கீட்டோன் பாத்தாளா? ஊசி போட்டுக்கிட்டாளா?" இந்த இரண்டு மட்டும் கேட்டால் போதும். அம்மா "கீட்டோன்" என்பதை "கூட்டணி" மாதிரி ஏதோ சொல்கிறார், பெரியவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் :-)) ஆனால் நம்பரை இப்போது அவளே பாட்டியிடம் சொல்கிறாள், ஃபோனை என்னிடம் தள்ளிவிடுவதில்லை.

இந்த மே மாதமும் ஊருக்குக் கிளம்புகிறோம், ஸ்லீப்பர் வகுப்பில். நாக்பூர், பல்லார்ஷா வெயிலில் ஜன்னல் ஓரம் வரும் காற்று அடுப்புக் காற்று. தெர்மாஸில் ஐஸ் போட்டால் இன்சுலின் உறைந்துவிடுமோ என்று பயம், போடாவிட்டால் வெந்துவிடுமோ என்று பயம். போன முறை ஈரத் துணி சுற்றிய சின்ன மண் குடுவையில் வைத்துக்கொண்டு போனோம், விஜயவாடா தாண்டியதும் புழுக்கத்தில் அது சரிப்படவில்லை. டெல்லி, ஜான்சி, போபால் பக்கத்திலிருந்து இதே லைனில் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதினால் உதவியாக இருக்கும். டிக்கெட் 19ஆம் தேதிக்கு.